வகுப்பு மூணு மணிக்கே முடிஞ்சுடுச்சு, பிள்ளை எங்கே?

போன வருஷம் ஆகஸ்ட் மாதம் சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு சந்தேகம் கேட்டார். அவர் மகள் அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேர்ந்திருந்தாள். "அவ டைம்டேபிளைப் பார்த்தேன்டா. வகுப்பு மூணு மணிக்கே முடிஞ்சுடுது. வீட்டுக்கு வர்றது ராத்திரி பத்து மணிக்கு. நடுவுல ஏழு மணி நேரம் அங்க என்ன வேலை?" அறைக்குள்ளிருந்து தங்கச்சி கத்தினாள்: "ஸ்டூடண்ட் சென்டர்லதான்மா இருக்கேன்!" சித்திக்கு அது பதிலாகவே படவில்லை. சென்டர் என்றால் அவருக்குத் தெரிந்தது டியூஷன் சென்டர்தான். "அங்கேயுமா டியூஷன்?" என்று என்னைப் பார்த்தார்.

அன்றைக்கு அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். பல்கலைக்கழகம் போகாத பெற்றோருக்கும், இந்த ஆண்டு புதிதாகப் போகிறவர்களுக்கும் பயன்படலாம்.

மாணவர் மையம் என்றால், பாடம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மாணவர்கள் வந்து ஒதுங்குகிற இடம். இப்படிச் சொன்னால் ஒன்றும் புரியாது. அதனால் சித்தியிடம் வேறு மாதிரி சொன்னேன். "உங்க புளோக்குக்குக் கீழே இருக்கிற வாய்ட் டெக்கையும், பக்கத்துச் சமூக மன்றத்தையும் சேர்த்து ஒரே கூரைக்குக் கீழே வெச்சுப் பாருங்க."

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் வளர்ந்த யாருக்கும், தரைத்தளத்தில் திறந்தவெளியாகக் கிடக்கும் வாய்ட் டெக்கை விளக்க வேண்டியதில்லை. அங்கே உட்கார யாரையும் கேட்க வேண்டாம். இந்த வாரம் மலாய்க் கல்யாணம் நடக்கும், அடுத்த வாரம் அதே இடத்தில் யார் வீட்டுச் சாவோ நடக்கும். மற்ற நாளில் தாத்தாக்கள் சதுரங்கப் பலகையைச் சுற்றி நிற்பார்கள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் பையைத் தூணோரம் போட்டுவிட்டு ஓடுவார்கள். மின்தூக்கிக்குப் போகிற வழியில் இருப்பதால் எல்லோரும் அதைக் கடந்துதான் ஆக வேண்டும். சமூக மன்றம் அப்படியில்லை. அங்கே அறை வேண்டும் என்றால் பதிவு செய்ய வேண்டும், முகப்பில் ஆள் இருப்பார், செயற்குழு இருக்கும், வகுப்புகளுக்கு நேரம் இருக்கும்.

நல்ல மாணவர் மையத்தில் இந்த இரண்டும் பாதிப் பாதி. ஒரு பாதி பதிவு செய்து பயன்படுத்துவது: நடன அறை, இசை அறை, கூட்ட அறை, அரங்கு. மறு பாதி யாரும் யாரையும் கேட்காமல் உட்காருவது: மேசைகள், படிக்கட்டு, நடைபாதை ஓரம், உணவுக் கடை. பல்கலைக்கழகத்தின் விளம்பரக் கையேட்டில் முதல் பாதியைத்தான் படம் பிடித்துப் போடுவார்கள். என்னைக் கேட்டால் உயிர் இரண்டாவது பாதியில் இருக்கிறது. பளபளக்கும் நடன அறைகள் பத்து இருந்து, சும்மா உட்கார ஒரு மேசை இல்லை என்றால், அது வாடகைக்கு விடும் மண்டபம். வேலை முடிந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள்.

சரி, சும்மா உட்கார எதற்கு இவ்வளவு பெரிய கட்டடம்? சிங்கப்பூரில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. இங்கே பல மாணவர்கள் வீட்டிலிருந்துதான் போய் வருகிறார்கள். தொடக்கக் கல்லூரியிலோ உயர்நிலைப் பள்ளியிலோ காலையில் போனால் மதியம் வரை தொடர்ந்து பாடம் இருக்கும். பல்கலைக்கழக அட்டவணை பல் விழுந்த வாய் மாதிரி. பத்து மணிக்கு ஒரு விரிவுரை, அடுத்தது மூன்று மணிக்கு ஒரு டுடோரியல், அப்புறம் ஆறு மணிக்கு புராஜெக்ட் குழுவைச் சந்திக்க வேண்டும். கிழக்கே பாசிர் ரிஸ்ஸில் வீடு, மேற்கே ஜூரோங் வெஸ்ட்டில் வளாகம் என்றால் ஒரு வழிப் பயணமே ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. நடுவில் வீட்டுக்கு வந்து திரும்புவது நடக்காத காரியம். அந்த ஓட்டை நேரத்தை எங்கே கழிப்பது? நூலகத்தில் பேச முடியாது. வகுப்பறை அடுத்த வகுப்புக்காரர்களுக்கு வேண்டும். உணவகத்தில் பன்னிரண்டு மணிக்கு டிஷ்யூ பாக்கெட் வைத்து 'சோப்' செய்த, அதாவது இடம் பிடித்த, மேசையில் இரண்டு மணி வரை மடிக்கணினியோடு உட்கார்ந்தால், தட்டோடு நிற்பவர்கள் பார்க்கிற பார்வையே சுட்டுவிடும்.

விடுதியில் தங்குகிற பிள்ளைகளுக்கு அறை இருக்கிறது. வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வளாகத்தில் 'என் இடம்' என்று சொல்ல ஒன்றும் இல்லை. அவர்களுக்கு மாணவர் மையம்தான் பகல் நேர வீடு.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'யூனியன்' என்ற சொல் எங்கள் வீட்டில் ஒரு குழப்பத்தை உண்டாக்கியது. "ஸ்டூடண்ட்ஸ் யூனியன்ல சேர்ந்திருக்கேன்" என்று தங்கச்சி சொன்னதும் சித்தப்பா வேலைநிறுத்தம் அளவுக்குக் கற்பனை செய்துவிட்டார். இந்த யூனியன் பிரிட்டனில் விவாதச் சங்கங்களாகத் தொடங்கியது. கேம்பிரிட்ஜில் 1815இலும் ஆக்ஸ்ஃபோர்டில் 1823இலும் மாணவர்கள் கூடி வாதாட ஏற்படுத்திக்கொண்டவை. வாதாட ஒரு கூடம், வாதம் முடிந்ததும் உட்கார ஒரு அறை, படிக்க ஒரு சிறு நூலகம் என்று அவை வளர்ந்தன. அமெரிக்காவில் இதற்கென்றே கட்டிய முதல் கட்டடம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஹூஸ்டன் ஹால். 1896இல் திறந்தார்கள். அதில் பில்லியர்ட்ஸ் மேசையும் நீச்சல் குளமும்கூட இருந்தன. அங்கே 'யூனியன்' என்ற சொல் மாணவர் சங்கத்தைவிட அந்தக் கட்டடத்தைத்தான் அதிகம் குறிக்கும். நம் ஊரில் சங்கம் வேறு, கட்டடம் வேறு.

நம் ஊரில் எடுத்துக்காட்டு என்றால் முதலில் நினைவுக்கு வருவது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யூசோஃப் இஷாக் ஹவுஸ். மாணவர்கள் முழுப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், 'வை ஐ எச்' என்பார்கள். நம் பணத்தாளில் இருக்கிறாரே, அதே யூசோஃப் இஷாக்தான். சிங்கப்பூரின் முதல் அதிபர். அப்போதைய சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தவர், 1970இல் காலமானார். கெண்ட் ரிட்ஜ் வளாகத்தில், மத்திய நூலகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இந்தக் கட்டடம் இருக்கிறது. வளாகத்துக்குள் ஓடும் பேருந்துகளுக்கு இதன் பெயரிலேயே நிறுத்தம் உண்டு. இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. பேருந்து நிற்காத மாணவர் மையம், மின்தூக்கியிலிருந்து விலகி இருக்கிற வாய்ட் டெக் மாதிரி. எவ்வளவு அழகாகக் கட்டினாலும் ஆள் வர மாட்டார்கள்.

அங்குள்ள மாணவர் சங்கத்தைப் பற்றி ஒரு விஷயம். அதன் கீழே கலை, அறிவியல், பொறியியல் என்று ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு கழகம் இருக்கிறது. இந்த அமைப்புக்குப் பின்னால் கொஞ்சம் சூடான வரலாறு உண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக மாணவர் சங்கம் வளாகத்துக்கு வெளியே தொழிலாளர் பிரச்சினைகளிலும் குரல் கொடுத்தது. 1975இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து சங்கத்தின் அமைப்பை மாற்றி, தன்னிச்சையாக இயங்கும் அதன் வலுவைக் குறைத்தார்கள். 1980இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் நன்யாங் பல்கலைக்கழகமும் இணைந்து தேசியப் பல்கலைக்கழகம் ஆனபோது இப்போதைய சங்கம் பிறந்தது. இன்றைக்கு மாணவர் சங்கம் என்றால் வரவேற்பு முகாம், நலப் பொட்டலம், விழா என்று பிள்ளைகள் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சித்தப்பாவின் பயம் ஐம்பது ஆண்டு பழையது, அவ்வளவுதான்.

தேசியப் பல்கலைக்கழகத்தில் இன்னொரு மையமும் உருவாகிவிட்டது. பழைய வாரன் கோல்ஃப் மைதானத்தில் 2011இல் திறந்த யூடவுன். ஆயர் ராஜா விரைவுச்சாலைக்கு மேலே பாலம் போட்டுப் பழைய வளாகத்தோடு இணைத்திருக்கிறார்கள். விடுதிக் கல்லூரிகள், உணவு நிலையம், உடற்பயிற்சிக் கூடம், படிக்கிற இடங்கள் எல்லாம் ஒரு பெரிய புல்வெளியைச் சுற்றி இருக்கின்றன. மாலை ஐந்தரைக்கு அந்தப் புல்வெளியைப் பார்த்தால் ஒருவர் பந்தை உதைப்பார், நான்கு பேர் பாய் விரித்துச் சாப்பிடுவார்கள், ஒருத்தி மல்லாந்து படுத்து அலைபேசியில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருப்பாள். அதில் எந்தச் செயலுக்கும் முன்பதிவு கிடையாது.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வேறு கதை. வளாகம் பெரிது, விடுதிகள் அதிகம், வாசலில் எம்ஆர்டி நிலையம் இன்னும் வரவில்லை. பூன் லே நிலையத்தில் இறங்கி 179ஆம் எண் பேருந்தைப் பிடித்துப் போக வேண்டும். ஊர்க்கோடியில் இருப்பதாலேயே அங்கே வளாக வாழ்க்கை கெட்டியானது என்பது என் கணிப்பு. கிளம்பிப் போக இடம் இல்லை என்றால் இருக்கிற இடத்தில்தானே எல்லாம் நடக்க வேண்டும்! வளாகத்தின் நார்த் ஸ்பைன் பகுதியில் கடைகளும் உணவகமும் மாணவர் நடவடிக்கைகளுக்கான இடமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 2015இல் திறந்த 'தி ஹைவ்' கட்டடத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். டிம்சம் கூடைகளை அடுக்கி வைத்தது போல இருக்கும். சட்டப்படி அது வகுப்பறைக் கட்டடம். ஆனால் வகுப்பறைகளெல்லாம் நடுவில் ஒரு திறந்த கூடத்தைப் பார்த்தபடி இருப்பதால், வகுப்பு முடிந்து வெளியே வருகிறவர் இன்னொரு வகுப்பு முடிந்து வருகிறவரைப் பார்க்காமல் போக முடியாது.

நகர நடுவில் இருக்கிற சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்துக்குப் புல்வெளி விரிக்க அதிகம் இடம் இல்லை. அதனால் 2005இல் பிராஸ் பாசா வளாகம் திறந்தபோது நிலத்தடி நடைபாதையால் கட்டடங்களை இணைத்தார்கள். அந்த நடைபாதைதான் அங்கே மையம் மாதிரி வேலை செய்கிறது. மழைக்கு ஒதுங்கும் பொதுமக்களும் அதில் நடந்து போவார்கள். நடுவில் எதையாவது விற்கும் மாணவர் குழுவிடம் மாட்டிக்கொள்வார்கள்.

மையம் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்கவும் நம் ஊரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம் பல ஆண்டுகள் டோவர் வளாகத்திலும், ஐந்து பலதுறைத் தொழிற்கல்லூரிகளுக்குள் இருந்த கட்டடங்களிலுமாகச் சிதறி இயங்கியது. ஒரே பல்கலைக்கழகத்தில் படிக்கிற இரண்டு பேர் பட்டம் வாங்கும்வரை ஒருவரை ஒருவர் பார்க்காமலே இருந்திருக்கலாம். 2024இல் பொங்கோல் வளாகம் திறந்த பிறகுதான் எல்லோரையும் ஒரே ஊருக்குள் கொண்டுவர முடிந்தது.

இனி நம் ஆட்கள் கதைக்கு வருகிறேன். தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேரவை, நன்யாங்கில் தமிழ் இலக்கிய மன்றம் என்று மாணவர் அமைப்புகள் உண்டு. பேரவையின் 'சங்கே முழங்கு' மேடைப் படைப்பைப் பார்த்திருப்பீர்கள். மேடையில் நீங்கள் பார்ப்பது இரண்டு மணி நேரம். அதற்குப் பின்னால் மாதக்கணக்கில் ஒத்திகை இருக்கிறது. சித்தி கேட்ட அந்த ஏழு மணி நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. வளர்தமிழ் இயக்கம் 2007 முதல் ஆண்டுதோறும் ஏப்ரலில் நடத்தும் தமிழ்மொழி விழாவிலும் இந்தப் பிள்ளைகள் நிகழ்ச்சி செய்கிறார்கள். ஏப்ரல் கடைசியில் தேர்வு தொடங்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு கையில் வசனத் தாள், மறு கையில் புள்ளியியல் பாடக் குறிப்பு. அந்தக் கூத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் படித்த இடத்தில் ஒத்திகை அறையை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்த வருஷம் அந்தப் பொறுப்பு என்னுடையது. ஒரு புதன்கிழமை இரவு ஏழு மணிக்குப் பதினான்கு பேர் அறை வாசலில் வந்து நிற்கிறோம். உள்ளே மலாய்க் கலைக் குழு கொம்பாங் மேளம் அடித்துக்கொண்டிருக்கிறது. அலைபேசியைத் திறந்து பார்த்தால், நான் பதிவு செய்திருப்பது காலை ஏழு மணி. எங்கள் இயக்குநர் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அது திட்டுவதைவிட மோசம். கடைசியில் வெளி நடைபாதையிலேயே ஒத்திகையை ஆரம்பித்தோம். அன்றைக்கு எடுத்தது ஒப்பாரிக் காட்சி. கதவுக்கு அந்தப் பக்கம் கல்யாணக் கொம்பாங் முழங்க, இந்தப் பக்கம் மாரடித்து அழ வேண்டும். மூன்று முறை முயன்றும் சிரிப்பை அடக்க முடியவில்லை. இடைவேளையில் அவர்கள் வெளியே வந்து என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். விஷயம் தெரிந்ததும் கடைசி அரை மணி நேரம் அறையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். இரண்டு பேர் டிக்கெட் வாங்கி நாடகத்துக்கும் வந்தார்கள்.

எல்லோருக்கும் சரியான நேரத்தில் தனித்தனி அறை கிடைத்திருந்தால் அவர்களை எனக்குத் தெரிந்திருக்காது. என் தவற்றுக்கு இது சமாதானம் ஆகாதுதான். ஆனாலும் வளாக வாழ்க்கை என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அதில் பாதி இப்படி வாசலில் முட்டிக்கொள்வதுதான்.

தமிழ் அமைப்புகளின் மேசையில் இன்னொன்றும் நடக்கும். இங்கே பிறந்த பிள்ளையும் மதுரையிலிருந்து படிக்க வந்த பிள்ளையும் முதல்முறையாகப் பக்கத்தில் உட்காருவார்கள். சாப்பாட்டைக் கட்டி வாங்குவதை ஒருவர் 'தாப்பாவ்' என்பார், மற்றவர் 'பார்சல்' என்பார். முதல் வாரம் சிரிப்பாக இருக்கும், இரண்டாம் மாதம் யார் எந்தச் சொல்லோடு வந்தார்கள் என்பதே மறந்துவிடும். வயதும் கலந்துதான் இருக்கும். தேசிய சேவை முடித்து வரும் பையன்கள் அதே வகுப்புப் பெண்களைவிட இரண்டு வயது மூத்தவர்கள். அதனால் யாரை அண்ணா என்பது, யாரைப் பெயர் சொல்வது என்று முதல் வாரத்தில் ஒரு தடுமாற்றம் வரும்.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயம். ஆகஸ்டில் மன்றங்கள் எல்லாம் மேசை போட்டு ஆள் பிடிக்கிற கண்காட்சி நடக்கும். அங்கே பெயர் எழுதிக் கொடுத்ததாலேயே சேர்ந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. பயப்படாமல் ஐந்தாறு மேசையில் எழுதுங்கள், அப்புறம் ஒன்றிரண்டை வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் மையத்தில் உட்கார எந்த மன்றத்திலும் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. கல்விக் கட்டணத்தோடு இதர கட்டணம் என்று ஒரு தொகை கட்டுகிறீர்களே, மாணவர் வசதிகளுக்கான பங்கும் அதில் இருக்கிறது. அறை வேண்டும் என்றால் மன்றத்தின் பெயரில் பதிவு செய்வது சுலபம். பதிவு செய்யும்போது காலையா மாலையா என்று இரண்டு முறை பாருங்கள். மேசை தேடும்போது ஜன்னலையும் காட்சியையும் பார்க்காதீர்கள், பிளக் பாயிண்ட் எங்கே என்று பாருங்கள். குளிர்சாதனத்துக்கு ஒரு ஸ்வெட்டர் பையில் கிடக்கட்டும். மனசு சரியில்லை என்றால் பேச ஆள் இருக்கும் இடம், தொலைந்த மாணவர் அட்டைக்குப் போகிற இடம், அச்சு எடுக்கிற இடம் மூன்றும் எங்கே என்று முதல் வாரமே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படுகிற அன்றைக்குத் தேடத் தெம்பு இருக்காது.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட சித்தி, "அதெல்லாம் சரிடா, இந்த டான்ஸ் ஒத்திகையை நம்ம வீட்டு ஹால்லயே வெச்சுக்கலாமே? இடம் இருக்கே?" என்றார். சோபாவை நகர்த்தி ஒரு சனிக்கிழமை செய்தும் பார்த்தார்கள். எட்டுப் பெண்கள், ஒரு புளூடூத் ஒலிபெருக்கி, நாலறை வீடு. இருபது நிமிடத்தில் கீழ்வீட்டு ஆன்ட்டி வந்து கதவைத் தட்டினார். சண்டைக்கு வரவில்லை, அவர் வீட்டு மின்விளக்கு ஆடுவதை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சித்தி சோபாவைத் திரும்பத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "சரி, அந்த சென்டர்லயே ஆடிட்டு வாங்க. சாப்பாடு மட்டும் இங்க வந்து சாப்பிடணும்."